பூனைக்குட்டிக்குக் கழிச்சலா? மாட்டு உருண்டை ஆகாது!

எலி மருந்து வைக்காமல் விவசாயம் செய்கிற வீட்டில் பூனையும் ஒரு வேலையாள்தான். கூலி கேட்காது, லீவு எடுக்காது. விதைநெல் மூட்டைக்கு ராத்திரிக் காவல் அதுதான். ஆனால் அந்த வேலையாளைக் குட்டியாக வீட்டுக்குக் கொண்டுவருகிற முதல் பதினைந்து நாளில்தான் நிறையக் குட்டிகள் செத்துப்போகின்றன. பெரும்பாலும் கழிச்சலில். நம்மைப் போன்ற இயற்கை விவசாயிகள் வீட்டில் இதோடு இன்னொரு ஆபத்தும் சேர்ந்துகொள்கிறது. நம் கையில் தயாராக இருக்கிற மூலிகை மருந்து அது. மாட்டைக் காப்பாற்றுகிற மருந்து, பூனைக்குட்டியைக் கொன்றுவிடும். இதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

மனிதனும் பூனையும் சேர்ந்ததே தானியத்தால்தான் என்கிறார்கள் ஆய்வாளர்கள். மேற்கு ஆசியாவில் மனிதர்கள் கோதுமையும் பார்லியும் விளைவித்துச் சேமிக்கத் தொடங்கிய காலத்தில், தானியத்தைத் தேடி எலி வந்தது, எலியைத் தேடிப் பூனை வந்தது. சைப்ரஸ் தீவில் சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு புதைகுழியில் மனிதரோடு ஒரு பூனையும் புதைக்கப்பட்டிருந்ததைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஆகவே குதிருக்குப் பூனைக் காவல் என்பது நேற்று வந்த பழக்கம் இல்லை.

எங்கள் வீடு திருச்சி காட்டூரில். வயல் உய்யக்கொண்டான் வாய்க்கால் பாசனத்தில். ஒன்றரை ஏக்கரில் கிச்சிலிச் சம்பாவும் தூயமல்லியும் போடுகிறோம். சுற்றி வீடுகள் பெருகப் பெருக, வயலில் இருந்த எலி எல்லாம் வீட்டுப் பக்கம் வந்துவிட்டது. தை அறுவடையில் எடுத்துவைத்த விதைநெல்லில் ஒரு மூட்டையை வைகாசிக்குள் ஓட்டை போட்டுவிட்டன. பாரம்பரிய நெல் விதையைக் கடையில் போய் வாங்கிவிட முடியாது என்பது உங்களுக்கே தெரியும். பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டில் பூனை குட்டி போட்டிருந்தது. "ஆறு வாரம் ஆச்சு, எடுத்துட்டுப் போங்கக்கா" என்றார்கள். மகள் ஓடிப்போய்த் தூக்கிவந்தாள். பழுப்பு நிறத்தில் நெல் மணி மாதிரி இருந்ததால் சம்பா என்று பேரும் வைத்துவிட்டாள்.

ரெண்டாம் நாளே பேதி

வந்த மறுநாள் சாயங்காலம் சம்பாவுக்கு வயிறு போக ஆரம்பித்தது. முதலில் கூழ் மாதிரி, ராத்திரிக்குள் தண்ணி மாதிரி. வயிறு மட்டும் பானை போல உப்பியிருந்தது, முதுகெலும்பு கையில் தட்டுப்பட்டது. மளிகை நிறுக்கிற சின்னத் தராசில் வைத்துப் பார்த்தால் 480 கிராம். பூனைக்குட்டி ஆரோக்கியமாக இருந்தால் வாரத்துக்கு ஏறக்குறைய 100 கிராம் எடை கூடும். ஆறு வாரத்தில் 600 கிராமை ஒட்டி இருந்திருக்க வேண்டும்.

எங்கள் அத்தை, அதாவது மாமியார், நாற்பது வருசமாக மாடு வளர்க்கிறவர். கன்றுக்குட்டி கழிந்தால் ஊசி போடுவதற்கு முன்னால் அவர் கை உருண்டைதான் போகும். வெந்தயம், சீரகம், மிளகு, கசகசாவை வறுத்து, அதோடு மஞ்சள், பெருங்காயம், சின்ன வெங்காயம், பூண்டு, கறிவேப்பிலை, வெல்லம் சேர்த்து அரைத்து உருட்டுகிற அதே கழிச்சல் உருண்டை. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் பேராசிரியராக இருந்த புண்ணியமூர்த்தி ஐயா ஊர் ஊராகப் பரப்பிய மரபு மூலிகை மருத்துவத்தில் இது முக்கியமான ஒன்று. நம் வாசகர்களில் பலர் கொட்டகையில் இதைச் செய்து பார்த்திருப்பீர்கள். நல்ல பலன் தருகிற மருந்து.

"சுண்டைக்காய் அளவு கொடு கண்ணு. எத்தனை கன்னைக் காப்பாத்தியிருக்கு. இத்தனூண்டு பூனைக்கு நிக்காதா?" என்றார் அத்தை.

"மாடு முந்நூறு கிலோ அத்தை, இது அரைக் கிலோகூட இல்ல. எந்த அளவுன்னு தெரியாம எப்படிக் கொடுக்கிறது? காலையில டாக்டரைக் கேட்டுட்டுக் கொடுப்போம்" என்றேன். அத்தைக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்தான். ஆனாலும், "சரி, குளிர் தாக்காமப் பாத்துக்க" என்று தன் பழைய சேலையைக் கிழித்துக் கொடுத்தார். ஒரு பாட்டிலில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, அந்தத் துணியைச் சுற்றி, அட்டைப் பெட்டியில் குட்டிக்குப் பக்கத்தில் வைத்தோம். ராத்திரி முழுக்க மணிக்கு ஒருமுறை தண்ணீர்க் கிண்ணத்தைக் காட்டினோம். நக்கிக் குடித்தது.

காலையில் அரசு கால்நடை மருத்துவமனையில் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தோம். அத்தையும் வந்தார், கையில் உருண்டையோடு.

டாக்டர் சொன்னது

டாக்டரம்மா முதலில் குட்டியின் பிடரித் தோலைத் தூக்கி விட்டுப் பார்த்தார். உடம்பில் நீர்ச்சத்து இருந்தால் தோல் சட்டென்று பழையபடி படிந்துவிடும். சம்பாவுக்கு மெதுவாகத்தான் இறங்கியது. வாயைத் திறந்து ஈறைப் பார்த்தார். ஈரமாக, இளஞ்சிவப்பாக இருக்க வேண்டியது வெளுத்து, பிசுபிசுவென்று இருந்தது. காய்ச்சல் இல்லை. நாங்கள் ஒரு டப்பாவில் எடுத்துப்போன மலத்தை நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு, "உருளைப்புழு முட்டை நிறைய இருக்கும்மா" என்றார். தோலுக்கடியில் ஊசி வழியாக நீரேற்றினார். எடை போட்டு, அதற்குத் தகுந்த அளவு பைரான்டெல் குடற்புழு மருந்து கொடுத்தார். "ரெண்டு வாரம் கழிச்சு மறுபடி கொடுக்கணும். இப்ப கொடுத்தது குடல்ல இருக்கிற புழுவைத்தான் கொல்லும். உடம்புக்குள்ள வேற இடத்துல இருக்கிற இளம்புழு பிறகுதான் குடலுக்கு வரும்" என்றார்.

அத்தை உருண்டையை நீட்டினார். "இதைக் கொடுக்கலாமாம்மா?"

டாக்டரம்மா வாங்கி முகர்ந்து பார்த்தார். "மாட்டுக்கு அருமையான மருந்து பாட்டி. நானே எழுதித் தர்றதுதான். ஆனா பூனைக்கு இது நஞ்சு. இதுல வெங்காயமும் பூண்டும் இருக்கு."

அத்தை ஒரு நிமிசம் பேசவே இல்லை.

வெங்காயம் பூனையை என்ன செய்கிறது?

வெங்காயம், பூண்டு இரண்டிலும் கந்தகச் சேர்மங்கள் உண்டு. கண்ணில் நீர் வரவைப்பதும், வாசம் கொடுப்பதும் இந்தக் குடும்பம்தான். பூனையின் உடம்பில் இவை ரத்தச் சிவப்பணுவில் இருக்கிற ஹீமோகுளோபினைத் தாக்கிச் சிதைக்கின்றன. பூனையின் ஹீமோகுளோபின் இந்தத் தாக்குதலுக்கு மற்ற விலங்குகளைவிட எளிதில் ஆளாகும். சிதைந்த சிவப்பணுக்கள் உடைந்து, சில நாட்களில் ரத்தசோகை வரும். ஈறு வெளுக்கும், மூச்சு வாங்கும், சிறுநீர் கறுஞ்சிவப்பாகப் போகும்.

பூனையின் எடையில் கிலோவுக்கு 5 கிராம் வெங்காயமே ரத்தத்தைக் கெடுக்கப் போதும் என்கின்றன கால்நடை மருத்துவ நூல்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். அரைக் கிலோ குட்டிக்கு இரண்டரை கிராம். ஒரு சின்ன வெங்காயத்தில் பாதிகூட இல்லை. பூண்டு இதைவிட வீரியமானது. வேகவைத்தாலும், வறுத்தாலும், காயவைத்துப் பொடித்தாலும் இந்த நஞ்சு போகாது. நாம் சாப்பிட்ட குழம்பு ஊற்றிப் பிசைந்த சோறும் இதில் சேர்த்திதான். ஒருவேளை கொடுத்து ஒன்றும் ஆகவில்லை என்று நினைப்போம், தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் போனாலும் ரத்தம் கெடும்.

முந்நூறு கிலோ மாட்டுக்கு உருண்டையில் போகிற வெங்காயம் பொருட்டே இல்லை. உடம்பின் அளவும் வேறு, வயிற்றின் அமைப்பும் வேறு. நாலு இரைப்பை கொண்டு இலைதழை தின்று வாழ்கிற உயிர் மாடு. பலவிதச் செடிப்பொருட்களைச் சமாளிக்கப் பழகிய உடம்பு. பூனை இறைச்சி மட்டுமே தின்று வளர்ந்த இனம். செடிகளில் இருக்கும் பல வேதிப்பொருட்களை முறித்து வெளியேற்றும் வேலையைப் பூனையின் கல்லீரல் சரியாகச் செய்யாது. மனிதருக்குச் சாதாரணமாகக் கொடுக்கிற பாரசிட்டமால் மாத்திரை பூனையைக் கொல்வதும் இதே காரணத்தால்தான். அரை மாத்திரை போதும், வளர்ந்த பூனையே செத்துப்போகும். காய்ச்சலாக இருக்கிறதே என்று வீட்டு மாத்திரையை உடைத்துக் கொடுத்துவிடாதீர்கள்.

வேப்பெண்ணெய், கற்பூரம், யூகலிப்டஸ் தைலம் எதையும் பூனை மேல் தடவாதீர்கள். தெள்ளுப்பூச்சி இருக்கிறதே என்று தடவுவோம், பூனை நக்கி நக்கியே உடம்பைச் சுத்தம் செய்கிற பிராணி, தடவியது அத்தனையும் வயிற்றுக்குள் போய்விடும். நாய்க்கு விற்கிற பெர்மெத்ரின் கலந்த உண்ணி மருந்தும் பூனைக்கு உயிராபத்து. தெள்ளுக்குப் பல் நெருக்கமான சீப்பு போட்டு வாரி, சோப்புத் தண்ணீரில் முக்கினாலே பாதி குறையும்.

இதைப் படித்துவிட்டு மூலிகை மருத்துவமே தப்பு என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் கொட்டகையில் இன்றைக்கும் உருண்டைதான் முதல் மருந்து. எந்த உயிர், என்ன எடை, என்ன தீனி என்று பார்த்துக் கொடுப்பதுதான் மரபு மருத்துவம். 'இயற்கையானது, அதனால் எதுக்கும் கொடுக்கலாம்' என்பது மரபில் இல்லாத பேச்சு. அரளியும் எட்டியும் இயற்கையில் விளைந்தவைதானே?

நாட்டு மாட்டுப் பாலும் ஆகாது

டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, "பால் ஊத்தினீங்களா?" என்பதுதான். குட்டியைக் கொடுத்த வீட்டில் மூன்று வேளையும் பசும்பால் ஊற்றியிருக்கிறார்கள்.

பாலில் லாக்டோஸ் என்ற சர்க்கரை இருக்கிறது. அதைச் செரிக்கிற நொதி தாய்ப்பால் குடிக்கிற வயதில் குட்டிக்கு நிறையச் சுரக்கும், பால் மறக்க மறக்கக் குறைந்துவிடும். செரிக்காத சர்க்கரை குடலில் தங்கித் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். அதுதான் பேதி. நம் தோழர்கள் சிலர், "நாங்க ஊத்துறது நாட்டு மாட்டுப் பால், ஏ2 பால், அது ஒண்ணும் செய்யாது" என்பார்கள். ஏ1, ஏ2 என்பது பாலின் புரதத்தில் இருக்கிற வேறுபாடு. லாக்டோஸ் நாட்டு மாட்டுப் பாலிலும் உண்டு, ஜெர்சி பாலிலும் உண்டு, எருமைப் பாலிலும் உண்டு. பால் மறந்த குட்டிக்குத் தண்ணீரே போதும்.

நாலு வாரத்துக்குள் தாயை இழந்த குட்டி என்றால் கதை வேறு. அதற்குப் பூனைக்குட்டிக்கென்றே இருக்கிற பால்மாவைக் கரைத்துக் கொடுக்க வேண்டும். மல்லாக்கப் படுக்கவைத்துப் புகட்டவே கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும். தாயிடம் குடிப்பது போல் குப்புற இருந்தபடியே குடிக்கட்டும்.

எங்கள் வீட்டில் செய்த பராமரிப்பு

டாக்டர் சொன்னபடி நாங்கள் செய்தது இவ்வளவுதான்.

தோலும் எலும்பும் நீக்கிய கோழிக்கறியை உப்பு, மஞ்சள், வெங்காயம் எதுவும் இல்லாமல் வேகவைத்து, நன்றாக மசித்து, அதோடு கொஞ்சம் குழைந்த சோறு. ஒரு வேளைக்கு ஒன்றிரண்டு தேக்கரண்டி, ஒரு நாளைக்கு ஐந்து வேளை. பட்டினி போட்டால் வயிறு சுத்தமாகும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். குட்டிக்கு அது ஆகாது. உடம்பில் சேமிப்பே இல்லாததால் சர்க்கரை இறங்கி மயங்கிவிடும். கறி வேகவைத்த தண்ணீரை ஆறவைத்துக் குடிக்கக் கொடுத்தோம். தினமும் காலையில் எடை போட்டு நாட்காட்டியில் மகள் எழுதினாள். மூன்றாம் நாள் மலம் கெட்டியானது. எட்டாம் நாள் 560 கிராம்.

அதற்குப் பிறகு முட்டை, முள் நீக்கி வேகவைத்த மத்தி மீன் என்று ஒவ்வொன்றாக, ஒரு வாரம் எடுத்துக்கொண்டு மாற்றினோம். புதுத் தீனியைத் திடீரென்று மாற்றினாலே குட்டிக்குக் கழியும். இடம் மாறிய பயத்திலும் கழியும். ஆகவே குட்டியை வாங்கும்போதே, அங்கே என்ன கொடுத்தார்கள் என்று கேட்டு வந்து, முதல் சில நாள் (பாலைத் தவிர) அதையே கொடுங்கள். ஒரு அறையில் விடுங்கள், வீடு முழுக்க வேண்டாம்.

சைவம் சாப்பிடுகிற நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. தயிர்சோறு மட்டும் போட்டுப் பூனை வளர்க்க முடியாது. டாரின் என்ற சத்து இறைச்சியிலும் மீனிலும்தான் போதிய அளவு இருக்கிறது. அது குறைந்தால் பூனைக்குக் கண் பார்வை போகும், இதயம் கெடும். வீட்டில் சமைக்க மனமில்லை என்றால் கடையில் விற்கிற பூனைத் தீனியையாவது வாங்கிப் போடுங்கள்.

எப்போது ஓட வேண்டும்?

குட்டி சுறுசுறுப்பாக விளையாடி, தின்று, ஒன்றிரண்டு முறை இளக்கமாகப் போனால் ஒரு நாள் பார்க்கலாம். கீழே உள்ளதில் எது இருந்தாலும் காத்திருக்க வேண்டாம்:

– கழிச்சலோடு வாந்தியும் இருந்தால்
– மலத்தில் ரத்தம் இருந்தால்
– அரை நாளாகத் தீனியைத் தொடவில்லை என்றால்
– காதும் பாதமும் சில்லிட்டு, துவண்டு கிடந்தால்
– ஈறு வெளுத்திருந்தால், கண் குழி விழுந்திருந்தால்
– எட்டு வாரத்துக்கு உட்பட்ட குட்டிக்குத் தண்ணியாகப் போனால்

மலத்தை மறக்காமல் டப்பாவில் எடுத்துப் போங்கள். புழுவா, காக்சிடியா போன்ற ஓரணு உயிரியா என்று அதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். இரண்டுக்கும் மருந்து வேறு வேறு.

வாந்தி, காய்ச்சல், கழிச்சல் மூன்றும் சேர்ந்து வருகிற பான்லூக்கோபீனியா என்ற வைரஸ் நோய் ஒன்று உண்டு. குட்டிகளைக் கொத்தாகக் கொல்கிற நோய். வைரஸைக் கொல்ல மருந்து இல்லை, நீரேற்றி உடம்பைத் தாங்கிப் பிடிக்கத்தான் முடியும். ஆனால் தடுப்பூசி இருக்கிறது. 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 3-4 வாரத்துக்கு ஒருமுறை, குட்டிக்கு 16 வாரம் ஆகும் வரை போட வேண்டும். இந்த நோயில் குட்டி இறந்த வீட்டில் வைரஸ் ஒரு வருசம்கூட உயிரோடு இருக்கும். அங்கே தடுப்பூசி போடாத புதுக் குட்டியைக் கொண்டுவராதீர்கள். வெறிநோய்த் தடுப்பூசியும் மூன்று மாதத்தில் கட்டாயம்.

பூனை மலம் எருக்குழிக்குப் போகக் கூடாது

நம்மில் பலர் கழிவு எதையும் வீணாக்க மாட்டோம். பூனை மலம் மட்டும் விதிவிலக்கு. அதில் டாக்சோபிளாஸ்மா என்ற ஓரணு உயிரியின் முட்டைகளும் உருளைப்புழு முட்டைகளும் இருக்கலாம். இரண்டும் மனிதரையும் தாக்கும். கர்ப்பிணிகளின் வயிற்றுப் பிள்ளைக்கு டாக்சோபிளாஸ்மா பெரும் கேடு. இவை ஈர மண்ணில் ஒரு வருசத்துக்கு மேலும் தாக்குப்பிடிக்கும். சாதாரண எருக்குழியின் சூட்டில் சாகும் என்று நம்ப முடியாது. கீரைப்பாத்தியில் போட்டால் நேராக நம் தட்டுக்கே வரும்.

ஒரு தட்டில் மணலோ உமியோ போட்டு வையுங்கள், குட்டி தானாகப் பழகிக்கொள்ளும். தினமும் அள்ளிவிடுங்கள். டாக்சோபிளாஸ்மா முட்டை தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும், அதற்குள் எடுத்துவிட்டால் ஆபத்து குறைவு. கர்ப்பிணிகள் அந்த வேலையைச் செய்ய வேண்டாம். கிணறு, காய்கறிப் பாத்தி இரண்டுக்கும் எட்டத்தில் குழி தோண்டிப் புதையுங்கள். விதைத்த பாத்தியில் பூனை தோண்டாமல் இருக்க முள் மிலாறு பரப்பினால் போதும்.

வேலைக்கு வர நாளாகும்

குட்டி வந்ததுமே எலி பிடிக்காது. நாலைந்து மாதமாவது ஆகும். அதுவரை எலிக்குத் தஞ்சாவூர் கிட்டி வையுங்கள், வயலில் ஆந்தை உட்காரக் குச்சி நடுங்கள். அக்கம்பக்கத்தில் எலி மருந்து வைக்கிறார்களா என்று கேட்டுவையுங்கள். புரோமாடியோலோன் தின்ற எலியைத் தின்றால் பூனைக்கும் ரத்தம் உறையாமல் போகும். ஐந்தாறு மாதத்தில் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை செய்துவிட்டால் குட்டி பெருகி அல்லல்பட வேண்டியதில்லை. திருச்சி கொட்டப்பட்டில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மையமும், ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியும் இருக்கின்றன. மாட்டுக்கு மட்டும்தான் அங்கே போக வேண்டும் என்றில்லை, பூனைக்கும் கேளுங்கள்.

சம்பாவுக்கு இப்போது ஏழு மாதம், இரண்டே முக்கால் கிலோ. இந்த வருச விதைநெல் மூட்டை மேலேதான் அதன் படுக்கை. அத்தை இன்னமும் மாட்டுக்கு உருண்டை உருட்டுகிறார். உருண்டை வைக்கிற டப்பா மேல் மகளை விட்டு ஒரு சீட்டு எழுதி ஒட்டச் சொன்னார்: "மாடு, ஆட்டுக்கு மட்டும். பூனைக்கும் நாய்க்கும் கொடுக்கக் கூடாது." நாய்க்கும் வெங்காயம் ஆகாது என்பதை டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு அவராகச் சேர்த்த வரி அது. உங்கள் கொட்டகையிலும் அப்படி ஒரு சீட்டை இன்றைக்கே எழுதி ஒட்டிவிடுங்கள்.